ஆதரவில்லாத பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்துறது: கேள்வி பதில்

கேள்வி: எங்க பிரார்த்தனைக் குழுவுல சேர்ந்து இல்லம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், இடம் ரெடி. முதல்ல என்ன பண்ணணும்?

பதில்: கட்டட வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைங்க. எந்தப் பிள்ளைக்கு நிஜமாவே யாரும் இல்லன்னு முதல்ல விசாரிங்க, ஏன்னா உலகம் முழுக்க இல்லங்கள்ல இருக்குற பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அம்மாவோ அப்பாவோ ஒருத்தராவது உயிரோட இருக்காங்க, கஷ்டம் தாங்காமதான் கொண்டு வந்து விட்டிருப்பாங்க. வறுமையை மட்டும் காரணம் காட்டி பிள்ளையைப் பிரிக்கக் கூடாதுன்னு 2009ல ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்ட மாற்றுப் பராமரிப்பு (பெத்தவங்ககிட்ட இல்லாத பிள்ளைங்களை வளர்க்குறது) வழிகாட்டுதல்லயே இருக்கு. பாட்டி வளர்க்கத் தயாரா இருக்காங்க, ஃபீஸ் கட்டத்தான் வழியில்லன்னா அந்த ஃபீஸை நீங்க கட்டுங்க, அதுவும் சேவைதான். அதையும் மீறி இல்லம் தேவைன்னு தெரிஞ்சா அரசுப் பதிவு முடியாம ஒரு பிள்ளையைக்கூட உள்ள எடுக்காதீங்க.

கேள்வி: கைக்குழந்தைங்களை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 3 வயசுக்குக் கீழ இருந்தா குடும்பச் சூழல்லதான் வளரணும்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. ருமேனியால புக்கரெஸ்ட்ல 2000ல ஆரம்பிச்ச ஆய்வுலயும், இல்லத்துலயே இருந்த குழந்தைங்களைவிட சீக்கிரமே வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைங்க நல்லா தேறினாங்க.

கேள்வி: எங்க சாமி, எங்க வழிபாடு, அதைச் சொல்லிக் குடுக்கத்தானே இல்லமே நடத்துறோம்? இதுல என்ன தப்பு?

பதில்: கோவப்படாம கேளுங்க, நானும் தினம் பிரார்த்தனை பண்றவன்தான். நம்ம மத நோக்கத்தை முதன்மையா வச்சு பராமரிப்பு குடுக்கக் கூடாதுன்னு அந்த வழிகாட்டுதல்ல தெளிவா இருக்கு, 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையும் பிள்ளை வளர்ந்த மதப் பின்னணி தொடரணும்ங்கறதை கவனத்துல வைக்கச் சொல்லுது. நடைமுறையில பாருங்க, சாயங்காலம் எல்லாரும் கண்ணை மூடி உக்காந்திருக்கும்போது புதுசா வந்த பையன் மட்டும் கண்ணைத் திறந்து வாசலையே பாத்துட்டு இருப்பான், அவன் அம்மா வருவாங்களான்னு. அவனைப் போய் அதட்டினா அந்த பிரார்த்தனைக்கு என்ன அர்த்தம்? வந்து உக்காரலன்னா சாப்பாடு லேட்டு, பேர் மாத்துறது, பழைய சாமியைக் கேலி பண்றது, இது எதுவுமே கூடாதுங்க. ராத்திரி காய்ச்சல்ல கிடக்குற பிள்ளை பக்கத்துல நீங்க முழிச்சு உக்காந்திருந்தா உங்க சாமி யாருன்னு அது தானா கேக்கும்.

கேள்வி: பணத்துக்கு? சாமி குடுப்பாருன்னு எங்க பெரியவர் சொல்றார்.

பதில்: ஜார்ஜ் முல்லர்னு ஒரு கிறிஸ்தவ போதகர், 1836ல இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல இல்லம் ஆரம்பிச்சு யார்கிட்டயும் நேரா பணம் கேக்காமலே நடத்தினவர், ஆனா கணக்கை அறிக்கையா வெளியிட்டுட்டே இருந்தார். பெரியவருக்கு அந்தப் பாதியையும் சொல்லுங்க. நன்கொடை கேக்க பிள்ளைங்க முகத்தையும் அவங்க கதையையும் போடவே போடாதீங்க, நாளைக்கு கூடப் படிக்கிற பசங்க பாப்பாங்க.

கேள்வி: ஃபைல்ல என்னென்ன வைக்கணும்?

பதில்: சேர்க்கை உத்தரவு, மருத்துவ விவரம், ஸ்கூல் பேப்பர் எல்லாம் இருக்கட்டும். சொந்தக்காரங்க பேரு, ஊரு, அண்ணன் தம்பி எங்க இருக்காங்கன்னு விடாம எழுதுங்க. வந்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டை கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, துவைச்சு பேர் எழுதி வைங்க, சில பிள்ளைக்கு வீட்டோட ஞாபகம்னு அது ஒண்ணுதான் இருக்கும்.

கேள்வி: லீவுல ரெண்டு வாரம் வாலண்டியரா வந்து பிள்ளைங்களோட இருக்கலாமா?

பதில்: ஒட்டிக்கிட்ட அப்புறம் நீங்க கிளம்பினா அதுங்க மறுபடியும் ஏங்கும். அக்கவுண்ட்ஸ், பெயின்டிங், ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங், இப்படி ஏதாவது செய்யுங்க.