நான்காவது தளத்து மலிவு

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் கேமரன் மலைக்குக் காரில் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அங்கே பிரிஞ்சாங் ஊரில் மூன்று அறை கொண்ட ஓர் அடுக்குமாடி வீடு இரவுக்கு 180 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. அதே ஊரில் அதே அளவு வீட்டுக்கு மற்றவர்கள் 380 கேட்கிறார்கள். நான்கு இரவுகள் தங்குவோம். படங்கள் நன்றாக இருக்கின்றன, மதிப்பீடும் ஐந்துக்கு 4.6. நான்காவது தளம், மின்தூக்கி கிடையாது. அது ஒன்றுதான் குறை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. "ஒரு தடவை ஏறிவிட்டால் போதும், நான் வீட்டில் இருந்தே மலையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சுற்றிவிட்டு வாருங்கள்" என்கிறார். சமையலறை இருப்பதால் மனைவி சமைத்துவிடுவார், சாப்பாட்டுச் செலவும் மிச்சம். இந்த விலை உண்மையிலேயே லாபமா, அல்லது ஏதாவது மோசடியா?

ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மோசடி பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டைப் பதிவு செய்யும் இணையத்தளத்தின் வழியாகவே பணம் கட்டுங்கள். வீட்டுக்காரர் தனியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். 180 என்பது முழு வாடகைதானா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் அங்கேதான் வந்து சேரும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு 2017 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி இருக்கிறது. அது வாடகையில் அடங்குமா என்றும் கேளுங்கள். நம் சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட முடியாது. அதனால் இந்த வியாபாரத்தின் நெளிவு சுளிவு நமக்குப் பழக்கமில்லை. பயப்பட ஒன்றுமில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

4.6 மதிப்பீட்டை நான் பொருட்படுத்த மாட்டேன். அங்கே தங்கி எழுதியவர்களில் எத்தனை பேர் எழுபது வயதுத் தாயாரை அழைத்துப் போனார்கள்?

மனைவி சமைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அது விடுமுறைதான். பிரிஞ்சாங்கில் நம்மவர் கடைகள் இருக்கின்றன, காலையில் தோசை கிடைக்கும். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

நான் பேச விரும்புவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றி. "அது ஒன்றுதான் குறை."

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரவுக்கு 200 ரிங்கிட் மிச்சம், நான்கு இரவுக்கு 800. ஏறக்குறைய 250 சிங்கப்பூர் வெள்ளி. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 50 வெள்ளி லாபம் என்று உங்கள் மனம் கணக்குப் போட்டிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரர் எதற்காக 200 ரிங்கிட்டைக் குறைத்தார்? படிக்கட்டுக்காகத்தான். உங்கள் பிள்ளைகள் அந்தப் படிக்கட்டில் ஓடி ஏறுவார்கள். நீங்களும் மனைவியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவீர்கள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள். மிச்சம் ஐந்து பேருக்கு, அதற்கான விலையைக் கட்டுவது ஒரே ஒருவர். இதைக் கணக்கில் கொண்டுவராமல் லாபமா என்று என்னிடம் கேட்கிறீர்களே!

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் தோ பாயோவில் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அன்றைய கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே வரலாம். மின்தூக்கி நிற்காத மாடி என்பதால் மலிவாகக் கிடைத்தது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, படி இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். நேராக இறங்க மாட்டார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, வலது காலை முதலில் வைப்பார். பிறகு இடது கால் அதே படிக்கு வந்து சேரும். அதன் பிறகுதான் அடுத்த படி. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்று பிற்பாடு ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் வளைந்த முழங்காலில் இறங்கும். ஈரச்சந்தைப் பையைத் திருப்பத்துத் தரையில் வைத்துவிட்டு, யாராவது வந்தால் நிற்பது தெரியக்கூடாது என்று முந்தானையைச் சரிசெய்வது போல நிற்பார்.

முதலில் தேக்கா சந்தைக்குப் போவது நின்றது. பிறகு வைரவிமட காளியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர். கடைசியில், கீழ்த்தளத்தில் மற்றப் பாட்டிமார்களுடன் உட்கார்ந்து பேசுவதும் நின்றது. ஒருமுறையேனும் முடியவில்லை என்று அவர் சொன்னதில்லை. "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. வயதானவர், வீட்டில் இருக்கப் பிரியப்படுகிறார் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். 2001இல் வீவக மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் மாடியிலும் மின்தூக்கி வந்து நின்றபோது அப்பாயி இல்லை.

உங்கள் அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். அதை ஆசை என்று எடுத்துக்கொண்டீர்களா? மகன் செலவுக்கு யோசிக்கிறான் என்று தெரிந்த தாய் வேறு எப்படிப் பேசுவார்? உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வரிசையில் காத்திருந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் காரில் காலை மடக்கி உட்கார்ந்து, தாப்பாவிலிருந்து ஏறும் பழைய மலைச்சாலை வளைவுகளில் குலுங்கி வந்தவர், இருட்டில், குளிரில் அந்தப் படிகளுக்கு முன்னால் நிற்பார். தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணி, ஒரு மாடிக்குப் பதினாறு படி என்று வைத்தாலும் மூன்று மாடிக்கு 48 படி. ஏறிவிட்டார் என்றால் நான்கு நாளும் அங்கேதான். நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்புவீர்கள். ஈசூன் வீட்டில் மின்தூக்கியில் இறங்கிக் கோப்பிக்கடைக்குப் போகிறவரைக் கூட்டிப்போய் ஓர் அறைக்குள் அடைப்பதற்கு 720 ரிங்கிட் கொடுக்கப் போகிறீர்கள். உங்கள் அம்மா கணக்கில் அது மலிவா?

கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. முழங்கால் வலியை மறைக்காமல் எழுதினீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. உறுத்தாதவர் எனக்குக் கடிதம் போட மாட்டார்.

பிரிஞ்சாங்கிலும் பக்கத்து ஊரான தானா ராத்தாவிலும் மின்தூக்கி இருக்கும் கட்டடங்கள் உண்டு, தரைத்தள வீடுகளும் உண்டு. பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். காரிலிருந்து வாசல் வரை எத்தனை படி, குளியலறையில் வெந்நீர் நிற்காமல் வருமா, கழிவறை மேற்கத்திய முறையா, குந்தும் முறையா. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் 380 கேட்டாலும் கொடுக்கலாம். கையில் இடிக்கிறது என்றால் நான்கு இரவை இரண்டாக்குங்கள். 380 வீட்டில் இரண்டு இரவு 760 ரிங்கிட். நீங்கள் ஒதுக்கிய பணத்தைவிட நாற்பதுதான் கூடுதல். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பள்ளி விடுமுறைக்கு நல்ல வீடுகள் சீக்கிரம் போய்விடும். இந்த வாரமே பாருங்கள். பதிவு செய்யும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வீடு பிடித்திருக்கிறது என்று அவரையே கேளுங்கள். வாடகையை மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்.