மதமும் மன்னரும்: சீட்டில் வந்த கேள்விகள்

போன ஞாயிறு மும்பை மாதுங்காவில் நண்பர்கள் கூடியபோது மதங்களின் வரலாறு பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இப்போது பதில்.

தாராவியிலிருந்து: சார், கிறிஸ்தவத்தை ரோமின் அரச மதமாக்கியவர் கான்ஸ்டன்டைன்தானே?

பாதி சரி. 313-இல் அவர் தடையை நீக்கினார், அப்புறம் தேவாலயம் கட்டப் பணமும் சலுகையும் கொடுத்தார். அரச மதமாக்கியது 380-இல் பேரரசர் தியோடோசியஸ்.

செம்பூரிலிருந்து: எங்கள் கட்டடத்தில் ஒரு பார்சிப் பாட்டி இருக்கிறார். அவர்கள் மதம் ஒரு காலத்தில் பெரிய மதமாமே?

பெரிய மதமா! ஜரதுஷ்டிர மதம் என்று அதற்குப் பெயர். 224 முதல் 651 வரை சாசானியர் ஆண்ட பாரசீகத்தில் அரச மதமே அதுதான். ரோமோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்ற பேரரசு அது. மூன்றாம் நூற்றாண்டில் கர்தீர் என்று ஒரு பூசாரி இருந்தார். சாதாரணப் பதவியில் நுழைந்து, மன்னர்கள் மாற மாற இவர் மேலே ஏறிக்கொண்டே போனார். யூதர், பௌத்தர், கிறிஸ்தவர், மானி என்பவரைப் பின்பற்றிய மணிகேயர் எல்லோரையும் ஒடுக்கியதாகப் பாறையிலேயே பெருமையாக வெட்டி வைத்திருக்கிறார். மன்னர்கள் செதுக்கிக்கொள்ளும் பாறையில் தன் முகத்தையும் செதுக்கினார். துணிச்சல்காரர்தான்.

651-இல் கடைசி மன்னர் யஸ்தகிர்த் கொல்லப்பட்டார். மக்கள் ஒரே நாளில் மதம் மாறிவிடவில்லை, அதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. ஆனால் கோயிலுக்கு மானியம் தர அரண்மனை இல்லை. ஒரு பகுதியினர் கப்பலேறி குஜராத்தின் சஞ்சானில் இறங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர். பேரரசின் மதம் இன்று உங்கள் மாடிப்படியில் எதிர்ப்படுகிறது. நவ்ரோஸ் என்ற புத்தாண்டு அன்று பாட்டி ‘ராவோ’ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம் ரவா கேசரிக்குப் பால் சேர்ந்த தங்கை அது.

சயானிலிருந்து: தலாய் லாமா பட்டம் புத்தர் காலத்திலிருந்தே வருகிறதா?

இல்லை. 1578-இல் அல்தான் கான் என்ற மங்கோலிய மன்னர் சோனம் கியாட்சோ என்ற திபெத்தியத் துறவிக்குக் கொடுத்தது. தலாய் என்றால் மங்கோலிய மொழியில் கடல். அவருக்கு முன்பே மறைந்துபோன இருவருக்கும் பிற்பாடு அதே பட்டத்தைச் சேர்த்து எண் போட்டதால் சோனம் கியாட்சோ மூன்றாமவர் ஆனார். ஐந்தாமவர் 1642-இல் திபெத்தின் அதிகாரத்தைப் பெற்றதும் இன்னொரு மங்கோலியத் தலைவரின் படைபலத்தில்தான்.

முலுண்டிலிருந்து: அப்படியானால் ஒரு மதம் நிலைக்க மன்னன் கை இருந்தாலே போதுமா?

போதாது. எகிப்தின் அக்நாதன் ஏடன் என்ற சூரிய வட்டத்தை மட்டுமே கும்பிடச் சொன்னார், புதுத் தலைநகரே கட்டினார். அவர் கண்ணை மூடிய சில ஆண்டுகளில் எல்லாம் போயிற்று. துட்டன்காத்தன் என்ற சிறுவன் அரியணையில் துட்டன்காமுன் ஆனான்: பெயரிலிருந்து ஏடன் போய், பழைய கடவுள் அமுன் வந்துவிட்டார். நம் பக்கம் பாருங்கள்: பல்லவன் மகேந்திரவர்மன் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்தான் என்பார்கள். ஆனால் ஊர் ஊராக நடந்து அப்பர் பாடிய தேவாரம் இல்லாவிட்டால் அது அரண்மனைச் செய்தியாகவே நின்றிருக்கும்.

நாலாசோபாராவிலிருந்து: எங்கள் ஊரில் விரார் லோக்கலில் தொங்குவதைத் தவிர ஏதாவது வரலாறு உண்டா?

அசோகரின் பாறைக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்ததே உங்கள் சோபாராவில்தான்! அந்தக் காலத் துறைமுகம், பெயர் சூர்ப்பாரகம். பழைய ஸ்தூபி மேடும் அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு போரிவலியில் இறங்கி கன்ஹேரிக்குப் போங்கள். நூற்றுக்கு மேல் குகைகள், பிக்குகள் சுமார் ஆயிரம் ஆண்டு தங்கிய இடம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், குகைகள் இருக்கும் தேசியப் பூங்கா மூடியிருக்கும்.