புரோட்டான் சிகிச்சைக்காக வீட்டை அடகு வைக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவுக்கு 68 வயது. புரோஸ்டேட் புற்றுநோய், நடுத்தர நிலை, பரவவில்லை. இங்கே ஐ.எம்.ஆர்.டி. என்ற எக்ஸ்-ரே கதிர் முறையில் கரண்ட் வைக்கலாம் என்கிறார்கள். சென்னைக்குப் போய் புரோட்டான் எடுத்தால் பக்கத்து உறுப்புகளைத் தொடவே தொடாது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். செலவோ பல மடங்கு, வீட்டை அடகு வைக்க வேண்டும். நொடிக்குள் முடியும் ஃபிளாஷ் சிகிச்சை வரும்வரை பொறுக்கலாமா என்றும் ஒரு பேச்சு. என்ன செய்வது?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டை அடகு வைக்காதீர்கள்.

எக்ஸ்-ரே கதிர் தோலுக்குக் கீழே ஒன்றரை செ.மீ. அளவில் உச்சம் தொட்டு, மெல்லக் குறைந்தபடி மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் என்ற அணுத்துகளோ வழியில் குறைவாகவும் நிற்குமிடத்தில் மிக அதிகமாகவும் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதைத்தான் பிராக் உச்சம் என்கிறோம். 70 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நீரில் சுமார் 4 செ.மீ. போகும், 230 என்றால் 33 செ.மீ. உறவினர்கள் சொல்வதில் இதுவரை உண்மைதான்.

ஆனால் எங்கே நிற்கும் என்பதை சி.டி. படத்தின் சாம்பல் அளவுகளிலிருந்துதான் கணக்கிடுகிறோம். அதில் பிழை வரலாம் என்பதற்காக வழக்கமாக ஆழத்தில் 3.5 சதவீதமும், கூடவே 1 முதல் 3 மி.மீ. வரையும் கூடுதல் இடம் விடுவார்கள். 20 செ.மீ. ஆழத்தில் இது 8 முதல் 10 மி.மீ. ஆகிவிடும். மலக்குடலின் முன்சுவரோ புரோஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது. முன்னாலிருந்து செலுத்தினால், சிறுநீர்ப்பை நிரம்பும் அளவும் குடல் வாயுவும் நாளுக்கு நாள் மாறுவதால் கணக்கு பிசகி, உச்சம் அந்தச் சுவரில் விழலாம். ஆகவே பெரும்பாலும் இரு இடுப்புப் பக்கங்களிலிருந்தும் தொடையெலும்புத் தலை வழியாகச் செலுத்துகிறார்கள். அப்போது மலக்குடலைக் காப்பது புரோட்டான் நிற்கும் முனையல்ல, கற்றையின் பக்க விளிம்பு. அவ்வளவு ஆழம் போன கற்றை சிதறி அகன்றிருக்கும். எக்ஸ்-ரேயின் விளிம்பைவிடக் கூர்மையாக இருக்காது.

அமெரிக்காவில் சுமார் 450 பேரிடம் நடந்த பார்ட்டிகால் ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் குடல் செயல்பாட்டில் புரோட்டானுக்கும் ஐ.எம்.ஆர்.டி.க்கும் வேறுபாடு தெரியவில்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் கதிர் வேண்டியிருக்கும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் வந்த குழந்தை என்றால் என் பதில் வேறு. முதுகு வழியே போன புரோட்டான் முதுகெலும்போடு நிற்கும். இதயம், நுரையீரல், குடல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். அந்தக் குழந்தைக்கு இன்னும் அறுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அங்கே கடன் வாங்கியாவது போகச் சொல்வேன்.

ஃபிளாஷுக்குக் காத்திருக்கவே வேண்டாம். நொடிக்கு 40 கிரேக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) மேல் செலுத்தும் முறை அது. புரோட்டான் ஃபிளாஷ் மனிதர்களிடம் முதலில் சோதிக்கப்பட்டது பத்தே பேரிடம், அதுவும் கை கால் எலும்புகளுக்குப் பரவிய புற்றுக்கு வலி குறைக்க.

உங்கள் மருத்துவமனையில் மூன்று விஷயம் கேளுங்கள். தினமும் சிகிச்சைப் படுக்கையிலேயே சி.டி. எடுத்து இடம் சரிபார்க்கிறார்களா? 20 அமர்வில் 60 கிரே என்ற குறுகிய திட்டம் அப்பாவுக்குப் பொருந்துமா? சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் முன்பு, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? சிறுநீர்ப்பை தினமும் ஒரே அளவில் நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு விலகும். மலக்குடலில் மலமோ வாயுவோ தேங்கினால் புரோஸ்டேட் முன்னால் நகர்ந்துவிடும். மலச்சிக்கல் இருந்தால் திட்டமிடும் சி.டி.க்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.