பலூனிலிருந்து விழுந்த கல்

(அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர், நுழைவுத் தேர்வுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சார், நான் நீட் தேர்வை இரண்டாவது முறை எழுதப்போகிறேன். ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். சொல்யூஷன் வீடியோ பார்த்தால் புரிகிறது. தனியாக உட்கார்ந்து போட்டால் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் மாடல் டெஸ்டில் உயிரியலில் 90-க்கு 81 சரி, இயற்பியலில் 45-க்கு 19தான். என்ன செய்வது?
– மாணவி, அறந்தாங்கி

முதலில் ஒரு கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து, அது 75 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒரு கல் நழுவ விடப்படுகிறது. தரையைத் தொட எத்தனை நொடி ஆகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்.

இதை வகுப்பில் எழுதிப்போட்டால் பாதிப் பேர் தொடக்கத் திசைவேகம் சுழி என்று எழுதிவிடுவார்கள். 'நழுவ விடப்படுகிறது' என்று படித்தாயிற்று அல்லவா, அதற்குப் பிறகு வேறெதுவும் கண்ணில் படாது. விடை 15-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 3.9 நொடி. கேள்வி எடுத்தவர் விவரமானவர் என்றால் அதையும் ஒரு விடையாகக் கொடுத்திருப்பார். பிள்ளைகளும் சந்தோஷமாக அதைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

பலூன் ஏறிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்த கல்லுக்கும் அந்த வேகம் உண்டு. கையை விட்டதும் கல் ஒரு நொடி மேலேதான் போகும். 5 மீட்டர் ஏறி, 80 மீட்டர் உயரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு விழும். 80 மீட்டர் விழ 4 நொடி. மொத்தம் 5. இருபடிச் சமன்பாடுகூட வேண்டியதில்லை.

இதில் உனக்குத் தெரியாத ஃபார்முலா ஏதாவது இருக்கிறதா? 'ஏறிக்கொண்டிருக்கும்' என்ற ஒரு சொல்தான் சிக்கல். வீடியோவில் ஆசிரியர் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறார். அதோடு கஷ்டமான வேலை முடிந்தது, மீதி வெறும் கூட்டல் கழித்தல். அதனால்தான் பார்க்கும்போது புரிகிறது, தனியாகப் போட்டால் வருவதில்லை. உயிரியலில் 81 எடுக்கிற பிள்ளைக்கு மூளையில் குறை ஒன்றும் இல்லை. உயிரியலில் கேள்வியைப் பார்த்ததும் பாடப்புத்தகத்தின் வரி நினைவுக்கு வந்துவிடுகிறது, அதே பழக்கத்தில் இயற்பியலையும் பார்க்கிறாய்.

சரி, பத்து நாளைக்கு இதைச் செய். தினமும் 20 கணக்கு எடு, ஆனால் எதையும் போடாதே. ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், சொல்லாமல் சொன்னது என்ன என்று மட்டும் எழுது. மூன்றாவதுதான் முக்கியம். 'வழவழப்பான தளம்' என்றால் உராய்வு இல்லை. 'லேசான கயிறு' என்றால் கயிற்றின் நிறையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மின்தேக்கிக் கணக்கில் மின்காப்புப் பொருளை நுழைத்தார்கள் என்றால், மின்கலம் இன்னும் இணைப்பில் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்று தேடு. இருந்தால் மின்னழுத்தம் மாறாது, மின்னூட்டம் கூடும். கழற்றியிருந்தால் மின்னூட்டம் அப்படியே இருக்கும், மின்னழுத்தம் குறையும். சேமித்த ஆற்றலும் முதலாவதில் கூடும், இரண்டாவதில் குறையும். ஒரு சொல்லால் விடையே தலைகீழாகிவிடுகிறது, பார்.

பதினோராம் நாளிலிருந்து கணக்கைப் போடு. தப்பானதைத் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் வா, க, பெ என்று ஏதாவது ஓர் எழுத்துப் போடு: வாசித்ததில் தப்பு, கருத்தில் தப்பு, பெருக்கலில் தப்பு. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார். 'வா'தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். இல்லையென்றால் எனக்கு எழுது, வேறு வைத்தியம் சொல்கிறேன். சொல்யூஷனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு காகிதத்தால் மூடி, முதல் வரியை மட்டும் பார். அந்த வரியிலேயே பாதி நாள் கணக்கு திறந்துகொள்ளும்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சட்டப் படிப்புக்காக கிளாட் எழுத ஆசை. பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களாம். தினமும் ஆங்கிலப் பேப்பர் தலையங்கம் படிக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதமாகப் படிக்கிறாள், மதிப்பெண் ஏறவில்லை. எனக்கு ஆங்கிலம் வராது, எப்படி உதவுவது?
– ஒரு தாய், தேனி

கிளாட்டில் 120 கேள்விக்கு 2 மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். பத்தி படிக்கிற நேரமும் அதற்குள்தான். ஒரு பத்தி 450 சொல் அளவுக்கு வரும். தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் போகும்.

தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். படித்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. கண் வரிமேல் ஓடினால் அது படித்ததாகாது. உங்களுக்கு ஆங்கிலம் வராதது இந்த இடத்தில் நல்லதுதான் அம்மா. மகள் ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைக்கட்டும். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேளுங்கள்: "எழுதினவர் என்ன சொல்றார்? யாரை மறுத்துச் சொல்றார்?" தமிழில் இரண்டே வாக்கியத்தில் அவள் உங்களுக்குப் புரியவைக்க வேண்டும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் புரியவில்லை, திரும்பப் படிக்கட்டும். 'ஆனால்' என்று பொருள்படும் 'பட்', 'ஹவெவர்' போன்ற ஆங்கிலச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். எழுதியவரின் சொந்தக் கருத்து பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும்.

இன்னொரு இடத்தில் நல்ல பிள்ளைகளே வழுக்குவார்கள். ஊர்க் கிணறு பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டார், தண்ணீர் பொங்கியது. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றியது. பத்தி அதோடு முடிகிறது. ஆசிரியர் சொல்வது என்ன? 'ஆழ்துளைக் கிணறுகளைத் தடைசெய்ய வேண்டும்' என்று ஒரு விடை இருக்கும். தேனியில் தண்ணீர்க் கஷ்டம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அதுதான் நியாயமாகப் படும். ஆனால் அது அவள் கருத்து, பத்தியில் இல்லை. 'ஒருவருக்குக் கிடைத்த நீரால் இன்னொருவருக்கு இழப்பு வரலாம்' என்பது வரைதான் பத்தி போகிறது. சட்டப் பகுதியிலும் இதே கதைதான். பத்தியில் கொடுத்த விதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், டிவியில் கேட்ட சட்டமெல்லாம் செல்லாது.

வேகத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். முதல் மாதம் கடிகாரம் இல்லாமல் செய்யட்டும்.

தமிழ் வழியில் படித்த நான் நீட் கேள்வியைத் தமிழில் படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா?
– மாணவன், விருத்தாசலம்

தமிழில் படி தம்பி, ஆனால் ஆங்கிலத்தையும் ஒரு பார்வை பார். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும். இரண்டும் மோதினால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. இது சும்மா சொல்கிற பயம் இல்லை. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, நம் பிழை இல்லாவிட்டாலும் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. எரிச்சலான விஷயம்தான்.

ஆங்கிலம் முழுக்க வேண்டியதில்லை. கலைச்சொற்கள் இரண்டு மொழியிலும் தெரிந்தால் போதும். பாடம் படிக்கும்போதே உந்தம் – மொமென்டம், முடுக்கம் – ஆக்சிலரேஷன் என்று எதிரெதிரே எழுதிவை.

ஒன்று சொல்ல வேண்டும், சில இடங்களில் தமிழ்ச் சொல்லே உனக்குக் கைகொடுக்கும். ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், அதே வழியில் 60-ல் திரும்புகிறாய். சராசரி வேகம் 48 (50 இல்லை, மெதுவாகப் போனபோது அதிக நேரம் போயிற்று). சராசரி திசைவேகம்? சுழி, ஏனென்றால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டாய். 'ஸ்பீடு', 'வெலாசிட்டி' என்றால் இரண்டும் ஒன்று போலத்தான் காதில் விழும். தமிழில் 'திசை' என்று சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது.

கால்குலேட்டர் இல்லாமல் பெரிய பெருக்கல் எல்லாம் எப்படிப் போடுவது?
– வாசகர், சிவகாசி

போடாதீர்கள். விடைகள் நான்கும் தள்ளித்தள்ளி இருந்தால் 9.8-ஐ 10 ஆக்குங்கள், பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தையும் 10 ஆக்குங்கள். விடைகள் நெருக்கமாக இருந்தால் மட்டும் மெனக்கெட்டால் போதும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கேள்வியைத் தப்பாகப் படித்ததே இல்லையா சார்?
– பத்தாம் வகுப்பு மாணவன், பரமக்குடி

குறும்புக்காரன். பி.எட். முடித்துவிட்டு எழுதிய முதல் போட்டித் தேர்வு. ஆற்றலின் அலகு அல்லாதது எது? ஜூல், எலக்ட்ரான் வோல்ட், கிலோவாட் மணி, வாட். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் நான். ஜூலைப் பார்த்தேன், ஐந்து நொடியில் குறித்துவிட்டு, இவ்வளவு சுலபமாகக் கேட்கிறார்களே என்று சிரித்துக்கொண்டேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் 'அல்லாதது' என்ற சொல் நினைவுக்கு வந்தது. வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.