கேள்வி – பதில்: காட்டுவழி நடைக்கு எந்த நீர்வடிகட்டி?

கேள்வி: ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை செல்லவும், பின்னர் நண்பர்களுடன் நக்கிள்ஸ் மலைத்தொடரில் முதுகுப்பையுடன் நடக்கவும் எண்ணியுள்ளேன். உறிஞ்சுகுழல், பிழிபை வடிகட்டி (பையில் நிரப்பிய நீரை வடிகட்டியினூடாகப் பிழிந்தெடுப்பது), புறஊதாக் கதிர்க் கருவி என மூன்று வகைகளைக் கடையில் காட்டினார்கள். எதை வாங்கலாம்? அதையே வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கும் பாவிக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: பிழிபை வடிகட்டியை வாங்குங்கள், கூடவே குளோரின் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

உறிஞ்சுகுழல் மலிவானதுதான். ஆனால் சமையலுக்கோ, அடுத்த தங்குமிடம் வரைக்குமோ அதனால் தண்ணீர் சேர்த்துக்கொள்ள முடியாது. தவிர, உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் போகிறவர், முதலை கிடக்கக்கூடிய குளக்கரையில் குப்புறப் படுத்து உறிஞ்சுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புறஊதாக் கருவிக்குத் தெளிந்த நீரும் பற்றரியும் வேண்டும். வரட்சிக் காலத்துக் கலங்கல் நீரில் கதிர் ஊடுருவாது.

பிழிபை வடிகட்டியின் துளைகள் பொதுவாக 0.1 அல்லது 0.2 மைக்ரோன் அளவுடையவை என்பதால், வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களும் வயிற்றோட்டம் தரும் ஒட்டுண்ணிகளும் அவற்றில் தடைப்பட்டுவிடும். பெட்டியில் கிருமிகள் 99.99 வீதம் நீங்கும் என ஒன்பதுகளை அடுக்கியிருப்பார்கள். அந்தக் கணக்கு வைரசுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பரைற்றிஸ் ஏ வைரசு இத்துளைகளினூடாகப் போய்விடும். நம் நாட்டில் இன்னொன்றையும் எண்ணவேண்டும்: எலிக்காய்ச்சல் கிருமி பற்றீரியாவே ஆயினும், நூலிழை போன்று மெலிந்திருப்பதால் 0.2 மைக்ரோன் துளையிலும் நுழைந்துவிடக்கூடியது. அது பெரும்பாலும் தோற்காயங்கள் வழியாகவே உடலுக்குள் புகுவதால், புண்ணுள்ள காலோடு வயல்நீரிலும் குளத்திலும் இறங்காதிருப்பதும் அவசியம்.

வடிகட்டியைத் தாண்டிவரும் இவை குளோரினில் மடியும். குளோரினுக்கு எளிதில் மடியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே கலங்கல் நீரை முதலில் மடித்த வேட்டித் துணியில் வடித்து, சற்றுத் தெளியவிட்டு, வடிகட்டியினூடாகப் பிழிந்த பின்னரே பொதியில் குறித்த அளவில் குளிசையிட்டு, குறைந்தது 30 நிமிடம் வைத்துக் குடியுங்கள். அடுப்பு மூட்ட வசதியுள்ள இடத்தில் கொதிக்கவைப்பதே போதும். நக்கிள்ஸ் தொடரில் எந்தச் சிகரமும் 2,000 மீற்றரை எட்டாததால், நன்கு தளதளத்து ஒரு நிமிடம் கொதித்தாற் சரி. கரையோரக் களப்புகளின் உவர்நீரை மட்டும் தொடவேண்டாம். உப்பை நீக்க மேற்சொன்ன எதனாலும் முடியாது.

அதே காரணத்தால் வீட்டுக் கிணற்றுக்கும் இது உதவாது. சுண்ணாம்புக் கற்பாறையினூடாக உரத்தின் நைத்திரேற்று இறங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், கரைந்திருக்கும் அந்த உப்பை வடிகட்டி பிடிப்பதில்லை. கொதிக்கவைத்தாலோ நீர் ஆவியாகி அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், நீரைப் பரிசோதிப்பிக்காமல் பால்மா கரைக்காதீர்கள்.

பயணம் முடிந்து வந்ததும் வடிகட்டியை நம் கிணற்று நீரால் கழுவி அப்படியே காயவைத்தால், கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு வடிகட்டிக்குள் இருக்கும் நுண்குழல்களையும் அடைத்துவிடும். உடன்வரும் ஊசிக்குழலால் மழைநீரையோ போத்தல் நீரையோ எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுங்கள். ஏற்கெனவே அடைபட்டிருந்தால் வினாகிரியில் ஊறவைத்துப் பாருங்கள்.