பறவைப் படங்களை எடுக்கும்போதும் பிறகு எடிட் செய்யும்போதும் உங்கள் அணுகுமுறை என்ன? எதுவரை திருத்தலாம்?

நான் அதிகம் படமெடுப்பது வேடந்தாங்கலில். அங்கே என் முதல் கவலை வெள்ளை நிறம்தான். கொக்கு, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் எல்லாம் வெள்ளை. பின்னால் ஏரிக்குள் நிற்கும் மரங்களின் கரும்பச்சை. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்தே கணக்குப் போடும். இருண்ட மரங்கள் படத்தை நிறைத்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகள் வரியே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்படி முழுவதும் வெளுத்துப்போன இடத்தில் எதுவும் பதிவாகியிருக்காது என்பதால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதிவாகும் ஒளியின் அளவை, ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக், குறைத்துக்கொள்கிறேன். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் போதும், மரங்கள் இருண்டுபோனாலும் கவலையில்லை. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் அமிழ்ந்த இலைகளைப் பிறகு மேலே கொண்டுவர அது தாராளம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காலைகளில் ஏரியின் மேல் ஒரு நீலச் சாயல் இருக்கும். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை நகர்த்தி அதைப் பொன்னிறமாக்குபவர்கள் உண்டு. எனக்கு மனம் வருவதில்லை. அந்த நீலம்தான் கார்த்திகை மாதத்து வேடந்தாங்கல்.

சில படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிறேன். அதற்குக் காரணம் இயற்கையியலாளரும் காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996). பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தவர். அவர் எடுத்த யானைப் படங்களில் தோலின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நிறம் இல்லையே என்று ஒருமுறைகூடத் தோன்றாது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது பச்சையின் ஒளிர்வை மட்டும் தாழ்த்தினால் மரம் பின்வாங்கும், கொக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் எனக்குச் சம்மதம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் சம்மதமில்லை. அலகுக்கு குறுக்கே ஒரு குச்சி வந்தால் பறவை திரும்பும்வரை காத்திருப்பேன். திரும்பவில்லை என்றால் அந்தப் படத்தை வெளியிட மாட்டேன்.

மரங்களில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிந்திருக்கும் எச்சத்தை நீக்கிவிட்டால் படம் சுத்தமாக இருக்குமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதை மட்டும் நான் தொடவே மாட்டேன். அந்த எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றுவட்டார நெல் வயல்களுக்கு உரம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைத் துடைத்துவிட்டால் படத்தில் இருப்பது வேறு ஏதோ ஓர் ஏரி.