கென்னடி, லெனின், ஒரு மூட்டை கோதுமை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் பனிப்போர் என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த வாரம் சினிமா கிடையாது, உள்ளூர் அரசியல் கிடையாது. முழுக்க இதுதான்.

கேள்வி: அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் மோதவே இல்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு அதற்குப் போர் என்று பெயர்?
(கல்லூரி மாணவி, மேலூர்)

பதில்: மேலூர்ப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம் அம்மா. ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பெரிய வீடுகளுக்குள் தகராறு வந்தால் என்ன நடக்கும்? பெரியவர்கள் இரண்டு பேரும் நேரில் கைகலக்க மாட்டார்கள். கலந்தால் இரண்டு பேருடைய வைக்கோல் படப்பும் எரியும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் இவர் ஒரு பங்காளியைத் தூண்டிவிடுவார், அவர் பக்கத்து ஊர் மச்சானுக்கு அரிவாள் வாங்கிக் கொடுப்பார், கடைசியில் மண்டை உடைவது மூன்றாவது ஆளுக்கு. 1947 வாக்கில் தொடங்கி 1991 வரைக்கும் உலகத்தில் நடந்தது இதுதான். வாஷிங்டனிலும் குண்டு விழவில்லை, மாஸ்கோவிலும் விழவில்லை. ஆனால் 1950-ல் ஆரம்பித்த கொரியப் போரில் சியோல் நகரம் ஒரே வருஷத்துக்குள் நான்கு தடவை கைமாறியது. நான்கு தடவையும் ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் எல்லாம் அப்படிப் பற்றவைத்த படப்புகள்தான். சொந்தப் படப்போ யாரும் தொட முடியாத உயரத்துக்கு வளர்ந்திருந்தது, 1980களின் நடுவில் உலகத்தில் இருந்த அணுகுண்டுகள் 60 ஆயிரத்துக்கும் மேல்.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் இதைக் கெடுபிடிப் போர் என்று எழுதுவார்கள். எனக்கு அந்த வார்த்தைதான் பிடிக்கும். சித்திரை வெயிலில் மண்டை காயும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனி என்றால் மனசில் ஒட்டமாட்டேன் என்கிறது.

கேள்வி: 1962 கியூபா நெருக்கடியில் உலகம் நிஜமாகவே அழியப் பார்த்ததா, இல்லை பத்திரிகைக்காரர்கள் ஊதிவிட்டதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்)

பதில்: நாங்கள் எதையும் ஊதுவோம் சார், ஆனால் இந்த விஷயத்தில் நடந்ததே பெரிது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கண்டுபிடித்து அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அங்கே போகும் சோவியத் கப்பல்களைக் கடலில் மறித்துக்கொண்டிருந்த நேரம். அக்டோபர் 27-ம் தேதி பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் மேலே வரச் சொல்லிச் சின்னச் சின்ன வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு மாஸ்கோவோடு தொடர்பு இல்லை, புழுக்கமோ தாங்க முடியவில்லை, மேலே போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது, அது வாஷிங்டனுக்குத் தெரியாது. தளபதி அதைத் தயார் செய்யச் சொன்னார். வசீலி ஆர்கிப்போவ் என்ற அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தலையாட்டியிருந்தால் நீங்கள் கேள்வி கேட்கவும் நான் பதில் எழுதவும் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் நம் ஆட்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. உலகம் முழுக்கக் கியூபாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே அக்டோபரில், 20-ம் தேதி, சீனப் படை நம் எல்லைக்குள் வந்துவிட்டது. எந்தப் பக்கமும் சாயாத அணிசேராக் கொள்கைக்குப் பெயர் வாங்கியிருந்த நேரு நவம்பரில் அந்தக் கென்னடிக்கே உதவி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

கேள்வி: மில் வாசலில் 30 வருஷத்துக்கு மேல் செங்கொடி பிடித்தவன் கேட்கிறேன். அது கொள்கைச் சண்டையா, இல்லை வெறும் அதிகாரச் சண்டையா? பூசி மெழுகாமல் சொல்லவும்.
(முன்னாள் மில் தொழிலாளி, ஆரப்பாளையம்)

பதில்: ஐயா, நீங்களே கேட்டதால் பூசாமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பிடித்த கொடியில் கொள்கை இருந்தது. மாஸ்கோ கிரெம்ளினிலும் வாஷிங்டன் வெள்ளை மாளிகையிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வசதிப்பட்ட நாட்களில் மட்டும் ஞாபகம் வந்தது.

ஜனநாயகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய அமெரிக்கா என்ன செய்தது? 1953-ல் ஈரானில் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தது, அடுத்த வருஷமே குவாத்தமாலாவில் அதே வேலை. சிலியில் ஓட்டு வாங்கி ஜெயித்த அயெண்டேவை மார்க்சிஸ்ட் என்று சொல்லி நிலைக்கவே விடாத அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், 1972-ல் பீக்கிங்குக்கே (இன்றைய பெய்ஜிங்) போய்ச் சீனத் தலைவர் மாவோவின் கையைக் குலுக்கினார். சிலி மார்க்சிஸ்ட் ஆகாதவர், சீன மார்க்சிஸ்ட் ஆகிறவர்! இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1956-ல் ஹங்கேரித் தொழிலாளர்கள் ஆலைக்கு ஆலை சொந்தமாகக் கவுன்சில் அமைத்தபோது அவர்கள் மேலேயே சோவியத் டாங்கி ஏறியது. 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்திலும் அந்த டாங்கிகள்தான். 1969-ல் சோவியத்தும் சீனாவும் எல்லையில் ஓடும் உசூரி ஆற்றில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள், 1979-ல் சீனா வியட்நாமுக்குள் புகுந்தது. சிவப்பை சிவப்பே அடித்த கதை. அந்த விரிசலின் ஒரு கீற்று நம் ஊர் வரை வந்து 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் வெறும் அதிகாரம் என்று தள்ளிவிட மனசு வரவில்லை. எதிரே ஒரு கடை இருந்தால்தான் முதல் கடைக்காரர் எடையைச் சரியாகப் போடுவார். பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளைத் தனியே வைத்த வழக்கில் 1952-ல் அமெரிக்க அரசே நீதிமன்றத்தில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று எழுதிக் கொடுத்தது. மாஸ்கோ என்ன சொல்லுமோ என்ற பயமும் அங்கே நியாயத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. நமக்கும் அப்படித்தான், பொக்காரோ எஃகு ஆலைக்கு அமெரிக்கா இழுத்தடித்துக் கைவிரித்தபோது சோவியத் வந்து கட்டியது, நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும் அவர்கள் உதவிதான். இரண்டு கடையிலும் பேரம் பேசத் தெரிந்த நாடு பிழைத்தது.

நம் மதுரையில் கொள்கைக்குச் சாட்சி வேண்டுமென்றால் கோரிப்பாளையம் பக்கம் நடந்து போங்கள். அமெரிக்க மிஷனரிகள் நிறுவிய அமெரிக்கன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என். சங்கரய்யா, பட்டப் பரீட்சைக்குச் சில நாளே இருக்கும்போது 1941-ல் சிறைக்குப் போனார், அந்தப் பட்டத்தை வாங்கவே இல்லை. 100 வயது தாண்டி இறக்கும்வரை கம்யூனிஸ்டாகவே இருந்தார். அவரை எந்த வல்லரசும் அனுப்பி வைக்கவில்லை.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பால் குடித்து வளர்ந்தோம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவ்வளவு நல்லவர்களா அவர்கள்?
(வங்கி ஊழியர், உசிலம்பட்டி)

பதில்: அப்பா சொல்வது நிஜம். காமராஜர் காலத்து மதிய உணவுக்கு 1960களில் கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால்பவுடர் கொடுத்தது. தட்டு ஏந்தி நின்ற பிள்ளைக்கு அந்தப் பால் நல்ல பால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோதுமைக் கதைதான் வேறு. 1954-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது, நம் ஊரில் பி.எல். 480 என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். அவர்கள் நாட்டில் விளைச்சல் மிஞ்சிக் கிடந்தது, விலை விழுந்துவிடும் என்று விவசாயிக்குப் பயம், வயிறு காய்ந்த நாடு கம்யூனிசத்தின் பக்கம் போய்விடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் ஒரே மருந்தாகக் கப்பல் கிளம்பியது. இனாம் என்று பலரும் நினைக்கிறார்கள், பெரும்பகுதி விலைக்குத்தான் வந்தது. டாலர் இல்லாத நாம் ரூபாயாகக் கொடுத்தோம். அந்த ரூபாயை வெளியே கொண்டுபோக முடியாமல் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே மலை மாதிரி குவிந்தது. கடைசியில் 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடமே திருப்பிக் கொடுத்தார். நீங்கள் வங்கிக்காரர், அந்த ஒற்றைத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆசை எனக்கே உண்டு என்றால் உங்களுக்கு இருக்காதா!

குவிந்த ரூபாயில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1962-லிருந்து அந்தப் பணத்தில் இங்கே வெளியாகும் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள், தமிழ்ப் புத்தகங்களும் போயின. நம் ஊரில் கரையான் தின்ற சில பழைய புத்தகங்களைச் சிகாகோவில் தேடிக் கண்டுபிடிக்க முடிவது அதனால்தான்.

ஆனால் கொடுத்த கை கணக்கும் பார்த்தது. 1965, 66-ல் மழை பொய்த்து நாம் தவித்தபோது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாக விடாமல் மாதாமாதம் அளந்து விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு காரணம், வியட்நாம் விஷயத்தில் இந்தியா பேசியது பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. அரிசிச் சோறு தவிர வேறு அறியாத வீடுகளில் ரேஷன் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியாகவும் உப்புமாவாகவும் கிண்டிய காலம் அது. அந்த அவமானம் உறைத்ததில்தான் நம் ஆட்கள் வீரிய விதையைத் தேடி ஓடினார்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. மாஸ்கோவில் தமிழா?
(புத்தகப் பிரியர், சிம்மக்கல்)

பதில்: ஆமாம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இனி வராது. மாஸ்கோவில் தங்கியிருந்தே தமிழில் மொழிபெயர்த்தவர்கள் உண்டு, ரா. கிருஷ்ணய்யாவும் பூ. சோமசுந்தரமும் அதில் முக்கியமானவர்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், ஆனால் மாணவன் கைக்காசில் வாங்கும் விலை, ஏனென்றால் விலையில் ஒரு பங்கை சோவியத் அரசாங்கம் சுமந்தது. நியூ செஞ்சுரி புத்தக நிலையம்தான் இங்கே விற்றது. பிரசாரம்தான், சந்தேகமில்லை, ஆனால் பிரசாரத்தோடு ரஷ்ய நாவல்களும் இயற்பியலும் குழந்தைக் கதையும் சேர்ந்து வந்தன. 'சோவியத் நாடு' என்று பளபளப்பான பத்திரிகை ஒன்று வரும். உள்ளே எழுதியிருந்ததைப் படித்தவர்களை விட, அந்த வழவழ தாளைக் கிழித்துப் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான், என் கணக்கு நோட்டின் முதுகில் ஒரு டிராக்டர் இருந்தது.

கேள்வி: கடைசியில் ஜெயித்தது யார்?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: சோவியத் விழுந்தது, 1991 டிசம்பர் 25 இரவு கிரெம்ளினில் கொடி இறங்கியது. அமெரிக்கா நின்றது. நின்றதற்கு வெற்றி என்று பெயரா என்று வியட்நாம்காரரையோ ஆப்கானியரையோ கேட்டால் வேறு பதில் வரும்.

கேள்வி: எங்கள் தாத்தா மூத்த மகனுக்குக் கென்னடி என்றும் இளையவருக்கு லெனின் என்றும் பெயர் வைத்தார். பெரியப்பா பெயர் வாக்காளர் பட்டியலில் 'கண்ணாடி' என்று அச்சாகி இருக்கிறது. தாத்தா எந்தப் பக்கம்?
(இல்லத்தரசி, வாடிப்பட்டி)

பதில்: பெரியப்பா 1963 கடைசியிலோ அடுத்த வருஷமோ பிறந்தவர், சித்தப்பா 1970-ல் லெனின் நூற்றாண்டு சமயத்தில் பிறந்தவர் என்று ஊகிக்கிறேன். டீக்கடை ரேடியோவில் எந்தப் பெயர் அதிகம் ஒலித்ததோ அதைத் தூக்கி வந்து தொட்டிலில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். வல்லரசுகளுக்கு இல்லாத பெருந்தன்மை. பெரியப்பாவுக்குத் திருத்த மனு கொடுத்துவிடுங்கள். லெனின் பெயர் அதே பட்டியலில் எப்படி இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது 'லெட்சுமணன்' ஆகிப்போன ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.